ஓ.டி.பி. வராதவங்களுக்கும் அடுத்த படி இருக்கணும்

1/ மக்களே, ஓ.பி.ல நாங்க எல்லாக் கேள்வியையும் ஒரே மூச்சுல கேட்க மாட்டோம். "என்ன பண்ணுது?" அப்புறம் "எத்தனை நாளா?" பதிலைப் பார்த்துதான் அடுத்த கேள்வி. ஆன்லைன் படிவத்தைப் படிப்படியாகப் பிரிப்பதும் அப்படித்தான். நல்ல விஷயம்.

2/ 14 இலக்க ஆபா சுகாதார எண்ணை எடுத்துக்குங்க. 2020-ல் இந்தத் திட்டத்தின் முன்னோட்டம் தொடங்கிய 6 யூனியன் பிரதேசங்களில் நம்ம புதுச்சேரியும் ஒன்று. ஆதார் வழியா போனா, முதலில் ஆதார் எண், அடுத்து ஓ.டி.பி.

3/ ஆதாரில் இருக்கிற போன் நம்பர் வெளியூரில் வேலை பார்க்கும் மகன்கிட்ட இருந்தா? அந்த அம்மாவுக்கு இரண்டாவது படியே கடைசிப் படி.

4/ கோவினில் ஒரே நம்பரில் 4 பேர் பதியலாம்னு வச்சாங்க. 2022-ல் அது 6 ஆச்சு. வீட்டுக்கே ஒரு போன்தான் இருக்கும்னு யோசிச்சாதான் இப்படிச் செய்ய முடியும்.

5/ படிவம் செய்றவங்களே, மொத்தம் எத்தனை படின்னு முதல்லயே சொல்லுங்க. நடுவுல நின்னா, நிரப்பினது அழியக் கூடாது. ஓ.டி.பி. வராதவங்க கவுண்டர்ல முடிச்சுக்க ஒரு வழி வைங்க.

6/ உங்களுக்கு ஒண்ணு: ஆபா எண் கட்டாயமில்லை. அது இல்லைன்னு வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீங்க. அம்மா அப்பா ஆதாரில் யார் நம்பர் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க.