துறைமுகத்தின் இரு பக்கங்கள்



உலகப் படத்தை விரித்து, மத்தியதரைக் கடலோரம் மொனாக்கோவைத் தேடிப் பாருங்கள். பெயர் இருக்கும், நாடு கண்ணுக்குத் தெரியாது. அதன் பரப்பு 2 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பக்கத்துப் பிரெஞ்சு நகரமான நீஸில் இருந்து ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதனால் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகின்றன.

போனவர்களின் கண்ணை முதலில் பறிப்பது ஹெர்குல் துறைமுகம். செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் மாடி வீடுகளைப் போல வரிசையாக நிற்கும். பார்க்கும் பெரியவர்களுக்கே மனம் ஏங்கும். பிள்ளைகளைச் சொல்லவும் வேண்டுமா? “உம்மா, இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது?” என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதற்கான பதில் துறைமுகத்தின் ஒரு பக்கத்தில், மொண்டே கார்லோ மேட்டில் இருக்கிறது. மொனாக்கோ ஒரு காலத்தில் ஏழை நாடு. எலுமிச்சையும் ஒலிவும் விளைந்த மென்டன், ரோக்புரூன் ஆகிய இரு ஊர்களும் 1848 இல் அதன் கையை விட்டுப் போயின. 1861 இல் 40 இலட்சம் பிராங்குக்கு அவை பிரான்ஸுக்கே விட்டுக் கொடுக்கப்பட்டன. வருமானம் இழந்த மூன்றாம் சார்ள்ஸ் இளவரசர் சூதாட்டத்தை நம்பினார். 1863 இல் பிரான்சுவா பிளாங்க் என்பவர் சூதாட்ட உரிமையைப் பெற்றார். 1868 இல் ரயிலும் வந்து சேர, வெளியூரார் வந்து குவிந்தனர். மறு வருடமே நாட்டு மக்களுக்கு நேரடி வரிகள் நீக்கப்பட்டன. யாரோ ஒரு வீட்டாரின் சோற்றுக் காசு, இன்னொரு நாட்டாரின் வரியை அடைத்தது.

இப்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மொனாக்கோவின் சொந்தக் குடிமக்கள் அந்தக் கூடத்தில் சூதாட முடியாது, சட்டமே தடுக்கிறது! சூது ஹராம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதை விற்றுப் பிழைத்தவர்களும் தம் மக்களை அதில் இருந்து விலக்கியே வைத்தார்கள். இன்று அந்த அரசின் வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு சிறியது. வற் வரியே பெரும் வரவு. ஆனால் தடை இன்னும் இருக்கிறது.

துறைமுகத்தின் மறுபக்கம் பழைய நகரம் அமைந்த பாறை. அங்கேதான் அரண்மனை. அதே சார்ள்ஸின் மகன் முதலாம் அல்பேர்ட் கடலை ஆராய்வதில் ஆயுளைக் கழித்தவர். அவர் கப்பலில் 1901 இல் சென்ற ரிஷே, போர்ட்டியே என்ற இரு அறிஞர்கள், சொறிமீனைப் போன்ற ஒரு கடலுயிரின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். கடும் ஒவ்வாமையால் உடல் திடீரெனத் தாக்கப்படுவது பற்றிய அறிவு அந்த ஆராய்ச்சியில் இருந்தே பிறந்தது. ரிஷேக்கு 1913 இல் நோபல் பரிசு கிடைத்தது. கடலை நோக்கிய செங்குத்துப் பாறையில் அல்பேர்ட் கட்டிய கடலியல் அரும்பொருட்காட்சிச்சாலை 1910 இல் திறக்கப்பட்டது. அல்லாஹ்வின் படைப்பில் எத்தனை விதம் என்று பிள்ளைகள் அங்கே கண்ணாடித் தொட்டிகளில் காணலாம்.

தந்தை கண்ட வழியும் மகன் கண்ட வழியும் ஒரே துறைமுகத்தின் இரு பக்கங்களில் நிற்கின்றன. போகிறவர்கள் பாறையின் பக்கம் ஏறட்டும். படகுகளையும் பார்க்கட்டும்; பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளை கேட்கும் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.

போகாத நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் வீட்டு அலுமாரியில் ஒரு லொத்தர் சீட்டு கிடந்தால், பிள்ளை அதைப் பற்றியும் ஒரு நாள் கேட்கும். அதற்கு முன் அதை அப்புறப்படுத்திவிடுங்கள்.

வஸ்ஸலாம்.