மருந்தை உறிஞ்சும் குழாய்

புட்டியிலிருந்து நோயாளியின் இரத்தக்குழாய் வரையில் செல்லும் பிளாஸ்டிக் குழாயை நாம் வெறும் வழியாகவே கருதுகிறோம். உண்மை வேறு. மார்வலிக்குக் கொடுக்கப்படும் நைட்ரோகிளிசரின், பி.வி.சி. குழாய் வழியே செல்லுங்கால் நூற்றுக்கு 40 முதல் 80 பங்கு வரையில் குழாயிலேயே தங்கிவிடக்கூடும். டயஸெபாமும் இவ்வாறே குறைகிறது.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதனை வளையச் செய்வதற்கு டி.இ.எச்.பி. போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்தைக் கலக்கிறார்கள். கொழுப்பில் கரையும் மருந்துகள் நீரை விட்டு இச்சுவரினுள் புகுந்துவிடுகின்றன. அத்திரவமும் வெளியே கசிகிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய இரத்தப்பை கேரளத்துக்குப் பெருமை தேடித் தந்தது. அத்தகைய பைகளில் கசியும் டி.இ.எச்.பி. சிவப்பணுக்கள் சிதையாமலிருக்க உதவுகிறது என்பது ஒரு விந்தையே!

குறையும் பங்கினைக் கணக்கிட்டு மருந்தைக் கூட்டிக் கொடுத்தாலென்ன என்று சிலர் கேட்கலாம். இழப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. துளிகள் மெதுவாக விழுந்தால் மிகுதி. குழாய் நீண்டால் இன்னும் மிகுதி. சுவர் நிறைய நிறையக் குறையும். பி.வி.சி. குழாய்க்கெனக் கூட்டிய அளவையே, மருந்தை உறிஞ்சாத பாலிஎதிலீன் குழாயில் செலுத்தினாலோ நோயாளியின் இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்துவிடலாம்.

இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. நீருக்கும் சுவருக்குமிடையே மருந்து பங்கிடப்படும் விகிதம், சுவரினுள் அது பரவும் வேகம் ஆகிய இரண்டையும் அறிந்தால், குழாயைச் சிறு துண்டுகளாகப் பாவித்து, 1855-இல் ஃபிக் வகுத்த பரவல் விதியைக் கொண்டு நிமிடந்தோறும் இழப்பைக் கணிக்கலாம். சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரே இதற்குப் போதுமானது. பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இன்சுலினுக்கு வேறு கணக்கு வேண்டும்.

ஆயினும் கணக்கிற்கு இடும் எண்கள் நம்முடையவையாக இருத்தல் அவசியம். உஷ்ணம் ஏறினால் பரவலும் விரைவுபடும். குளிரூட்டப்பட்ட ஆய்வுக்கூடத்தில் 20 டிகிரியில் எடுத்த அளவை, கொச்சியின் காயலோரத் தேவராவில் கோடைகாலத்து அறையொன்றுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. ஆதலின் நம் ஆய்வுக்கூடங்கள் முதலில் 30, 35 டிகிரிகளில் இவ்விரு எண்களையும் அளந்து, எவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட வேண்டும். குழாய் செய்வோர், அது எந்தப் பிளாஸ்டிக், அதில் எத்திரவம் எவ்வளவு கலந்துள்ளது என்பதை உறையின்மேல், இரவில் வார்டிலிருக்கும் தாதியும் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.