பிழைச்செய்தி தோன்றாத பிழைகள்

கட்டடவியல் மாணவர் ஒருவர் ஸ்டாட் புரோ அல்லது ஈடாப்ஸ் மென்பொருளில் தம் முதல் மாதிரியை உருவாக்கி ஓடவிடுகிறார். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி தோன்றுகிறது. உடனே அவர் தேடுவது அந்தச் செய்தியை மறையச் செய்யும் வழியை. அச்செய்தி எதைச் சுட்டுகிறது என்பதை அவர் தேடுவதில்லை. திருவனந்தபுரத்துப் பொறியியல் கல்வி மட்டுமன்று, குமரி மாவட்டம் முதல் சென்னை வரையிலான கல்வியும் இந்த இரண்டு தேடல்களுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்குப் போதிய அளவில் கற்பிக்கவில்லை. மென்பொருட் சிக்கல் என்று அழைக்கப்படுவதில் பெரும்பகுதி கட்டமைப்பியற் சிக்கலே. மென்பொருள் அதனைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

மிகப் பரவலான சிக்கலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 'முனையில் நிலையின்மை' என்ற எச்சரிக்கை வருகிறது. ஓர் உத்திரத்தின் இரு முனைகளிலும் முறுக்கு விடுவிக்கப்பட்டிருந்தால், அது தன் அச்சிலேயே தடையின்றிச் சுழலும். அந்தச் சுழற்சியைத் தடுக்கும் விறைப்பு எதுவும் இல்லாதபோது விறைப்பு அணிக்குத் தீர்வு கிடைப்பதில்லை. இத்தகைய இடத்தில் ஸ்டாட் புரோ எச்சரிக்கை வரி ஒன்றை எழுதிவிட்டு, மெலிந்த சுருள்வில் ஒன்றைத் தானாகவே பொருத்திக் கணக்கைத் தொடர்கிறது. விடைகள் வந்துவிடுகின்றன. எச்சரிக்கையைப் படிக்காத மாணவர்க்கு, இல்லாத ஒரு வில்லின் துணையால் கட்டடம் நிற்பது தெரிவதேயில்லை. படித்தவரோ பல வேளைகளில் எல்லாத் தாங்கிகளையும் இறுகப் பொருத்தியவையாக மாற்றிச் செய்தியை மறையச் செய்கிறார். சங்குமுகத்துக் கடற்கரை மணலில் தனி அடித்தளத்தின் மேல் நிற்கும் தூணின் அடி அவ்வாறு இறுகியிருக்குமா என்ற வினா எழாமலேயே போகிறது.

இரண்டாவது சிக்கல் இணைப்பு பற்றியது. திரையில் இரண்டு உத்திரங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. கண்ணுக்கு அவை இணைந்தவை. வெட்டும் இடத்தில் பொதுவான முனை இல்லையெனில், கணக்கில் அவை ஒன்றையொன்று அறியாதவை. ஒன்றன் சுமை மற்றொன்றுக்குச் செல்லாது. ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு முனைகள் அமைந்துவிட்டாலும் இதே நிலைதான். பல வேளைகளில் இங்கே பிழைச்செய்தியும் வருவதில்லை.

உண்மையான இடர் இங்கேதான் தொடங்குகிறது. தன்னெடையைச் சேர்க்க மறந்த மாதிரியும், அதை இருமுறை சேர்த்த மாதிரியும், மீட்டருக்குப் பதில் மில்லிமீட்டரில் அளவு தந்த மாதிரியும் தடையின்றி ஓடி முடியக்கூடியவை. மென்பொருள் இலக்கணம் பார்க்கும், பொருள் பார்க்காது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பரப்பிய ஓடு பதித்த தளத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் இழுவிசை கொள்ளும் கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டின் ஒரு பங்கை நீக்கி, அங்கே மங்களூர் ஓடுகளை வைக்கிறார்கள். திண்மத் தளம் என்று மாதிரியில் வரைந்தால், மென்பொருள் முழுத் தடிமனுக்கும் கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன் வீதம் எடையைச் சேர்த்துக்கொள்ளும். கட்டப்படும் தளம் வேறு, கணிக்கப்படும் தளம் வேறு என்று அது சொல்லாது. சொல்ல வேண்டியவர் பொறியாளர்.

இவ்வகைப் பிழையின் விலையை உலகம் முன்பே கண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர அரங்கின் கூரை, கணினிப் பகுப்பாய்வின் துணையுடன் வடிவமைக்கப்பட்ட எஃகுச் சட்டகம். கட்டுமானத்தின்போதே அது கணித்ததைப் போல் இருமடங்கு தொய்ந்தது. அந்த முரண்பாடு பொறியாளர்களிடம் சுட்டிக்காட்டப்பட்டும் பொருட்படுத்தப்படவில்லை. மேல்தண்டுகளுக்கு இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொண்ட பக்கத் தாங்கல் உண்மையில் போதிய அளவில் இல்லை. 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிச்சுமையின்கீழ் கூரை இடிந்து விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு ஏறத்தாழ 5,000 பேர் அதன் அடியில் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எரிவாயு மேடை இன்னும் நேரடியான சான்று. அதன் கான்கிரீட் அடிக்கட்டமைப்பு 1991 ஆகஸ்ட் 23 அன்று, நீரில் அமிழ்த்திச் சோதிக்கப்பட்டபோது மூழ்கியது. வரம்புறு கூறுப் பகுப்பாய்வில் அறைச்சுவர்கள் சந்திக்கும் பகுதிக்குப் பொருந்தாத வலைப்பின்னல் அமைக்கப்பட்டதால், வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. அதற்கேற்பச் சுவரும் மெலிந்தது, வலுவூட்டலும் போதாமற்போனது. விபத்துக்குப்பின் நுணுக்கமாகச் செய்த பகுப்பாய்வு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் முறியும் என்று காட்டியது. உண்மையில் முறிந்தது 65 மீட்டரில். சரியாகக் கேட்டால் சரியாகச் சொல்லக்கூடிய கருவியிடம் தவறாகக் கேட்டார்கள். அதுவும் பிழைச்செய்தி எதையும் காட்டாமல் விடையளித்தது.

இப்பிழைகளுள் பலவற்றைக் கண்டறியப் பெருங்கணினி வேண்டியதில்லை. 16 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு மாடி விடுதி ஒன்றைக் கற்பனை செய்யலாம். ஒரு தளத்தின் பரப்பு 240 சதுர மீட்டர். தன்னெடை, சுவர், பயன்சுமை அனைத்தையும் சேர்த்துச் சதுர மீட்டருக்குத் தோராயமாக 12 கிலோ நியூட்டன் என்று கொண்டால், மொத்தச் சுமை 11,520 கிலோ நியூட்டன். தாங்கிகளின் செங்குத்து எதிர்விசைகளைக் கூட்டினால் விடை இதை ஒட்டியே அமைய வேண்டும். 6,000 என்றோ 23,000 என்றோ வந்தால், வலுவூட்டல் அட்டவணையைத் திறப்பதற்கு முன் சுமைப் பட்டியலைத் திறந்தாக வேண்டும். அதே கட்டடத்தின் உயரம் 12 மீட்டர் எனில், சுவர் நிரப்பிய சட்டகத்துக்கு ஐ.எஸ். 1893 தரும் எளிய வாய்பாட்டின்படி, 16 மீட்டர்த் திசையில் அலைவுக்காலம் 0.27 நொடி. சுவர்களின் விறைப்பைச் சேர்க்காத மாதிரியில் இதைவிடச் சற்று நீண்ட காலம் வருவது இயல்பு. இரண்டு நொடி வந்தால் எங்கோ ஓர் இணைப்பு அறுந்திருக்கிறது என்றே ஐயுற வேண்டும். இயங்கியல் பகுப்பாய்வு தரும் அடிவெட்டு விசை எளிய வாய்பாடு தருவதைவிடக் குறைந்தால், அதனை உயர்த்தியே பயன்படுத்த வேண்டும் என்று அந்நெறிமுறையே விதிக்கிறது. கணினியின் விடையைக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடும் பழக்கத்தை நெறிமுறை ஏற்றிருக்க, வகுப்பறை மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

எட்வர்ட் வில்சன் 1970-இல் பெர்க்லியில் தம் பகுப்பாய்வு நிரலுக்கு 'சாப்' என்று பெயரிட்டார். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு ஏமாளி என்று பொருள். நிரலுக்குச் சொந்த அறிவு கிடையாது, பொறுப்பு பொறியாளருடையது என்று பயனர்க்கு நினைவூட்டவே அப்பெயரைத் தேர்ந்தெடுத்தார். அந்த நிரலின் வழித்தோன்றல்களையே இன்றைய மாணவர் அனைத்தும் அறிந்த ஆசானாகக் கொள்வது ஒரு முரண்.

இந்த முரணைக் களைய இந்நகரமே நல்ல களம். 1939-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியும், 2014-இல் நிறுவப்பட்ட ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் இங்கே உள்ளன. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கட்டமைப்புப் பொறியாளர்கள் உருவாக்கிய 'ஃபீஸ்ட்' என்னும் வரம்புறு கூறு மென்பொருளும் இவ்வூரில் பிறந்ததே. பகுப்பாய்வு நிரல் வெளியூரிலிருந்து வந்த மூடிய பெட்டி அன்று, மனிதர் எழுதக்கூடிய ஒன்று என்பதற்கு இதைவிட அண்மையான சான்று வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தில் நேரமில்லை, வேலைதரும் நிறுவனங்கள் மென்பொருட் பயிற்சியையே கேட்கின்றன என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் மேற்கண்ட கைக்கணக்குக்குக் கால் மணி நேரம் போதும். மாற்ற வேண்டியவை இரண்டே. முதலாவது, வணிக மென்பொருளைத் தொடுமுன் ஒவ்வொரு மாணவரும் இருபரிமாணச் சட்டகத்துக்கான சிறு நிரலொன்றைத் தாமே எழுத வேண்டும். தாங்கியை அகற்றினால் விறைப்பு அணி எவ்வாறு சிதைகிறது என்பதைத் தம் நிரலில் ஒருமுறை கண்டவர், நிலையின்மை எச்சரிக்கையைக் கடந்து போகமாட்டார். இரண்டாவது, ஆய்வகத் தேர்வில் புதிய மாதிரியை உருவாக்கச் சொல்வதோடு நில்லாமல், பிழைகள் ஒளித்துவைக்கப்பட்ட மாதிரியைத் தந்து அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பிழையின் இடத்துக்குப் பாதி மதிப்பெண், அதனால் எந்த உறுப்பு எவ்வாறு பாதிக்கப்படும் என்ற விளக்கத்துக்கு மீதிப் பாதி.

பொத்தான்களின் இடம் அடுத்த பதிப்பில் மாறிவிடும். சுமை கூரையிலிருந்து மண்ணுக்குச் செல்லும் வழி எந்தப் பதிப்பிலும் மாறாது. அந்த வழியைத் தாளில் வரையத் தெரியாத ஒருவரின் மாதிரி பிழையின்றி ஓடி முடிந்தது என்பது, அந்தக் கட்டடத்தில் குடியேறப்போகிறவர்க்கு எந்த உறுதியையும் தருவதில்லை.