இரத்தப் பரிசோதனை எண்கள் தீர்ப்பல்ல

காய்ச்சல், இருமல் என்றதும் சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் என்று பரிசோதனைக் கூடத்துக்கு ஓடும் பழக்கம் கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அதை இப்போதாவது நிதானமாக யோசிக்க வேண்டும்.

இந்த எண்களுக்கு மதிப்பு உண்டு. வூஹான் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 191 கொரோனா நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சேரும்போதே டி-டைமர் அதிகமாக இருந்தவர்களிடையே இறப்பும் அதிகம் என்றது அது. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோயுற்றவர்கள். லேசான காய்ச்சலோடு வீட்டில் இருப்பவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கர்ப்பத்திலும் முதுமையிலும்கூட டி-டைமர் உயரும். உடலில் எந்த அழற்சி ஏற்பட்டாலும் சிஆர்பி ஏறும்.

எண்ணைக் கண்டு பயந்து மருந்து எடுப்பதுதான் பெரிய ஆபத்து. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், லேசான தொற்றுக்கு இப்பரிசோதனைகள் வேண்டாம் என்று அன்றைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா எச்சரித்தார். தேவையற்ற ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை நோய் பலரைத் தாக்கியதை நாம் மறக்கக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. 'ரிப்போர்ட் நார்மல்' என்பதற்காக மூச்சுத் திணறும் பெரியவரை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்குதல், மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்வோம். எந்தப் பரிசோதனை தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.