மஞ்சளின் பெருமையும் மெய்ப்பிக்கும் பொறுமையும்

காயத்தில் மஞ்சளை அரைத்துப் பூசும் வழக்கம் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு நிலவி வருகின்றது. அது உண்மையிலேயே காயத்தை ஆற்றுமா என்று பிள்ளைகள் வினவினால், "முன்னோர் சொன்னது பொய்யாகுமா?" என்று கூறி அவர்கள் வாயை அடைத்துவிடுகின்றோம். அவ்விடை போதாது என்பதே என் கருத்து.

1995 ஆம் ஆண்டு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்தது. பாட்டிமார் அறிந்த வைத்தியம் என்று வாயாற் சொல்லியிருந்தால் எடுபட்டிராது. பழைய நூல்களையும், 1953 இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையையும் சான்றாக வைத்தமையால், 1997 இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. எழுத்திற் பதிந்த சான்றே வென்றது.

ஆயினும், ஒரு வழக்கம் பழையது என்பது வேறு. அது பயன் தரும் என்பது வேறு. பின்னதை அறிய ஆய்வுகூடம் வேண்டும். மனிதத் தோலின் உயிர்க்கலங்களை ஒரு தட்டில் மெல்லிய படலமாக வளர்த்து, அதன் நடுவே கூரிய முனையால் ஒரு கீறல் இடுவர். அதுவே அங்கு காயம். ஒரு தட்டில் மூலிகைச் சாற்றை இடுவர். மற்றொன்றில் சாறு கரைக்கப்பட்ட திரவத்தை மட்டும் இடுவர். கலங்கள் நகர்ந்து கீறலை எவ்வளவு மூடின என்பதை, தொடக்கத்திலும் 24 மணி நேரத்தின் பின்னும் படமெடுத்து ஒப்பிடுவர். சாற்றின் அளவு மிகுந்தால் கலங்கள் மடிகின்றனவா என்றும் பார்ப்பர். வல்லாரையிலுள்ள ஏசியாட்டிக்கோசைட் என்னும் பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் உண்டாவதைத் தூண்டுகின்றது என்பதும், தோற்கலங்களை இவ்வாறு தட்டில் வளர்த்து ஆராய்ந்ததால் தெரியவந்ததே.

தட்டில் வென்றதெல்லாம் உடலில் வென்றுவிடாது. தட்டிலே குருதியோட்டம் இல்லை. காயத்தைச் சீழ்பிடிக்கச் செய்யும் கிருமிகளும் இல்லை. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின், தானே ஒளிரும் இயல்பாலும் எளிதிற் சிதைவதாலும், சோதனைகளில் பொய்யான நற்பெறுபேறுகளைத் தரக்கூடும் என்று 2017 இல் வேதியியலாளர் எச்சரித்தனர். இதனை எடுத்துரைப்பது மஞ்சளை இகழ்வதாகாது. சோதனைக்கு அஞ்சும் பெருமை நிலைப்பதில்லை.

இங்கேதான் நமது தமிழ்ப் பள்ளியின் பணி முன்னிற்கின்றது. சித்த மருத்துவ நூல்கள் தமிழில் உள்ளன. எந்த இலை, எந்தப் பக்குவம், எந்த நோய்க்கு என்பதைத் தமிழில் வாசித்தறியக் கூடியவரே சரியான வினாவை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசெல்ல வல்லவர். அறிவியல் மட்டும் கற்றவருக்கு அச்சுவடி ஊமை. தமிழ் மட்டும் கற்றவருக்கு அத்தட்டு ஊமை.

எனவே பெற்றோரே, பிள்ளைகளின் ஐயங்களை அவமதிப்பென்று எண்ணற்க. மாணவச் செல்வங்களே, இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்! முன்னோர் சொன்னதைப் போற்றுங்கள். போற்றுவதோடு நில்லாது சோதித்தும் பாருங்கள். சோதனையின் விடை எதுவாயினும் அதனை மறைக்காது எழுதி வையுங்கள். நாளை வருவோர்க்கு நீங்கள் விட்டுச்செல்லக்கூடிய சான்று அதுவே.