கைக்கு எட்டாத ஃபில்டர்

கோயிலுக்குக் குடும்பத்தோடு காடியில வர்றவங்க கொஞ்சம் கவனிங்க.

ஏர்கோன் காற்றுல உள்ள தூசியைப் பிடிக்கிற கேபின் ஃபில்டரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும். பல காடிகள்ல கிளவ் பாக்ஸை இறக்கினா போதும், பத்து நிமிஷ வேலை. சிலதுல டேஷ்போர்டுக்கு அடியில, பெடல் பக்கம் ஒளிச்சு வச்சிருக்காங்க. மல்லாந்து படுத்து, திருகாணி கழற்றி, கையெல்லாம் கீறல். ‘அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்’னு பட்டறையிலயே தள்ளிப் போட்டுடுறாங்க.

நம்ம ஊர்ல அப்படி விடலாமா? துறைமுக லோரிகளோட புகையும் தூசியும் தினம் இருக்கு. 2005 ஆகஸ்ட் 11-ல் புகைமூட்டத்தால காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிச்சாங்க. மறந்துட்டோமா? ஃபில்டர் அடைச்சுக்கிட்டா ஏர்கோன் காற்றும் குறையும், வாடையும் வரும். பின் சீட்டுல பாட்டியும் பேரப்பிள்ளையும்தான் அதைச் சுவாசிக்கணும்.

அடிக்கடி மாத்த வேண்டிய பொருளைக் கை எட்டுற இடத்துல வைக்கிறது தயாரிப்பாளரோட கடமைன்னு நான் நினைக்கிறேன். காடி வாங்கும்போதே ‘ஃபில்டர் எங்க? திறந்து காட்டுங்க’ன்னு கேளுங்க. சர்வீஸுக்கு விட்டா, கழற்றின பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்க. கூலி கொஞ்சம் கூடினாலும் தள்ளிப் போடாதீங்க.