காலிப் பெட்டியும் கொடுத்த வாக்கும்

 

நமது மத்ரஸாவின் கொல்லைப்புறத்தில் ஆறு தேனீப் பெட்டிகள் ஒன்றரை மாதம் காலியாகவே நின்றன. குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்குத் தேனீ வளர்ப்பு புதிதன்று. ஆயினும், மாணவர்களின் குடும்பங்கள் ஆறு ஒன்றுசேர்ந்து, வீட்டுக்கொரு பெட்டி என முன்பணம் செலுத்தித் தொடங்கியது இதுவே முதன்முறை. நவம்பர் நடுவில் தேனீக்கள் வந்துவிடும் என்றார் வளர்ப்பாளர். டிசம்பர் பிறந்தும் வரவில்லை. போகப் போக அவர் தொலைபேசியை எடுப்பதும் குறைந்தது. "உஸ்தாத், தேனீ எப்ப வரும்?" என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டனர். "காசை வாங்கிட்டு ஏமாத்திட்டாரு" என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினர்.

தாமதத்தை உடனே மோசடி என்று தீர்ப்பளிப்பது தவறு. தாமதத்தை மறைத்து மௌனம் காப்பதும் தவறு. இதுவே நமது கருத்து. முதல் தவறு நம்முடையது, இரண்டாவது அவருடையது. இவ்விரண்டின் விலையையும் ஓர் ஏழைச் சகோதரி கொடுக்க நேர்ந்ததால்தான் இதை எழுதுகிறோம்.

தேனீ, கடையில் அடுக்கிவைத்த சரக்கு அன்று. வளர்ப்பாளர் தம் வலுவான பெட்டி ஒன்றை இரண்டாகப் பிரித்தே புதிய குடும்பத்தை உருவாக்குகிறார். பிரித்த பாதிக்குப் புதிய ராணி வேண்டும். முட்டையிலிருந்து ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாட்கள் ஆகும். பிறகு அது வெயில் அடிக்கும் பகலில் வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு இணைந்து திரும்ப வேண்டும். அதன்பின் சில நாட்கள் கழித்தே முட்டையிடும். எல்லாம் கூடிவந்தாலும் ஒரு மாதக் கணக்கு இது. வடகிழக்குப் பருவமழை விடாது பெய்தால் ராணி பறக்க இயலாது, கணக்கு தவறிவிடும். மழைக்கு நாள் குறிக்கும் அதிகாரம் எந்த வளர்ப்பாளருக்கும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே வலையடித்த சிறு பெட்டியில் 3 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10,000 தேனீக்களை அடையின்றி நிரப்பி, ராணியைத் தனிக் கூண்டில் வைத்து, வழியுணவாகச் சர்க்கரைப் பாகும் வைத்து அனுப்புகின்றனர். ஜார்ஜியா, கலிபோர்னியா மாநிலங்களில் வசந்த காலத்தில் குளிரும் மழையும் நீடித்தால், வடக்கே காத்திருப்போருக்கும் தேனீக்கள் தாமதமாகவே போய்ச் சேரும்.

இதை அறியாமல் நாம் என்ன செய்தோம்? நாள்தோறும் நெருக்கினோம். ஒரு சகோதரர், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விலையில் கழிக்க வேண்டும் என்றார். நெருக்கடி தாளாமல் டிசம்பர் இறுதியில் அவர் இரண்டு பெட்டிகளை மட்டும் நிரப்பி அனுப்பினார். திறந்து பார்த்தால், இரண்டே அடைகளில் மெல்லிய கூட்டம், முட்டை இல்லை. பத்தே நாளில் ஒரு கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்தது. மற்றதை மெழுகுப் பூச்சி அழித்தது. பறந்துபோனது, கணவரை இழந்த ஒரு சகோதரி பைத்துல்மாலில் கடன் பெற்று வாங்கிய பெட்டி. ரப்பர் துளிர்க்கும் தேன் காலத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். பொறுத்திருந்த நால்வருக்கு ஜனவரி நடுவில் நல்ல பெட்டிகள் வந்தன. "நீங்கதானே உஸ்தாத், சீக்கிரம் அனுப்பச் சொன்னீங்க" என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

இனி ஒப்பந்தத்தைப் பற்றி. பணத்தை முன்னரே கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறும் வணிகத்தை ஷரீஅத் 'ஸலம்' என்று அனுமதித்துள்ளது. அதற்கு அளவும் தரமும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். விலை முழுவதும் ஒப்பந்த அமர்விலேயே கொடுக்கப்பட வேண்டும் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலை. உயிரினங்களில் ஸலம் செய்வதை ஷாஃபிஈ மத்ஹப் ஏற்கிறது. ஹனஃபி மத்ஹப் ஏற்பதில்லை. நாமோ பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வாய்ப்பேச்சோடு எழுந்து வந்தோம். எத்தனை அடைகள், ராணி முட்டையிடுகிறதா, கடைசி நாள் எது என ஒன்றையும் எழுதவில்லை. பாடத்தில் இதைக் கற்பிக்கும் நாமே நடைமுறையில் மறந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நாள்கணக்கில் அபராதம் கேட்பதும் சரியன்று. வரவேண்டிய பொருள் கொடுப்பவர் மீது கடனாக நிற்கிறது. கடன் தாமதித்ததற்காகக் கூடுதல் பெறுவது வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். தவணையில் பொருள் கிடைக்காவிட்டால் காத்திருக்கலாம். அல்லது கொடுத்த பணத்தைக் குறையாமல் திரும்பப் பெறலாம். இதுவே நேரிய வழி.

வளர்ப்பாளர்களுக்கும் ஒரு சொல். "மழையால் ராணி தங்கவில்லை, இன்னும் மூன்று வாரம் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவரும் உங்களைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். வாங்கிய பணம் அமானிதம் என்றால், வாங்கியவருக்குச் சொல்ல வேண்டிய செய்தியும் அமானிதமே. வலுவற்ற கூட்டத்தை அனுப்பி வாயை அடைப்பதைவிட, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது கண்ணியமானது.

காத்திருக்கும் நாட்களை வீணாக்கவும் வேண்டாம். பெட்டியை நிழலில் நிறுத்தி, தாங்கியின் கால்களுக்கு எறும்பு ஏறாதபடி நீர்க்கிண்ணம் வையுங்கள். அண்டை வயலில் பூச்சிமருந்து எப்போது தெளிக்கப்படுகிறது என்று விசாரியுங்கள். அனுபவமுள்ள ஒருவரின் பெட்டியை அவரோடு நின்று திறந்து பழகுங்கள். தேனீக்களை அந்தி சாய்ந்த பின் கொண்டுவாருங்கள். வந்த அன்றே திறந்து குடையாமல், மாலையில் சர்க்கரைப் பாகு மட்டும் வைத்துச் சில நாட்கள் அமைதியாக விடுங்கள்.

அந்தச் சகோதரியின் இழப்பில் பாதியை வளர்ப்பாளர் ஏற்றார்; மீதியை நாம் ஏற்றோம். மெழுகுப் பூச்சியால் போன பெட்டிக்கு மாற்று தர அவர் இசைந்துள்ளார். இம்முறை அளவும் தரமும் தவணையும் காகிதத்தில் உள்ளன; முழுப் பணமும் கைமாறிவிட்டது.

திருமறையின் ஓர் அத்தியாயமே தேனீயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அத்தியாயத்தை ஓதும் நாம், தேனீயை வாங்குவதிலும் விற்பதிலும் நேர்மையும் நிதானமும் உடையவர்களாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.